எழுபத்தொன்று

“ரத்தத்துல ஈயம் எழுபத்தொண்ணு. ரெண்டு தடவை பரிசோதிச்சுப் பார்த்தாச்சு. இனி உன்னை உலைப்பக்கம் விட முடியாதுய்யா,” என்றார் கம்பெனி டாக்டர், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் அந்தக் கம்பெனியில் பதினாறு வருஷமாக உலைக்கு முன்னால் நிற்கிறவர். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. அதனால் எல்லோருக்கும் அவர் ‘இரும்பு’.

“அவ்வளவு இருக்காதுங்க ஐயா. போன தடவை நாப்பத்தெட்டுதானே?”

“அப்பவே சொன்னேன்ல, ஐம்பதைத் தாண்டினா வெளியேன்னு. பேருதான் இரும்பு, உள்ளே பூரா ஈயமால்ல இருக்கு.” டாக்டர் சிரிக்கப் பார்த்து, அலுப்பில் பாதியிலேயே விட்டுவிட்டார். காலையிலிருந்து இதே பாட்டு. இது ஒன்பதாவது ஆள். “நைட் ஷிப்ட் ஆளுங்க வெளியே லேப்ல ரத்தம் எடுத்துக் கொண்டாரலாம்னு விட்டோம். அதுல குழாய் ஏதும் மாறிப்போச்சா?”

“மாறலைங்க. என் பேரு ஒட்டின குழாய்தான். நானேதான் கொண்டாந்து குடுத்தேன்.”

“அப்புறம் என்ன?”

உலையை விட்டால் இரும்புக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் புதிதாக யார் கூப்பிடப் போகிறார்கள்?

“இப்போ வேலை போனா தாங்காதுங்க. வீட்டுல சம்சாரத்துக்கு ஆறு மாசமா உடம்பு சரியில்லை. தீராத வயித்துவலி. வாயுங்கிறார் ஒரு டாக்டர், புண்ணுங்கிறார் இன்னொருத்தர். நேத்து தண்ணிக் குடத்தைக் கைநழுவ விட்டுட்டு அப்படியே திகைச்சுப்போய் நிக்கிறா.”

“அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல உன் வயிறு எப்படி?”

“கல்லைத் தின்னாலும் செரிக்குங்க.”

“கையை நீட்டு.”

நீட்டினார். காய்ப்பேறிய கைகள் ஆடாமல் அசையாமல் நின்றன. டாக்டருக்குக் கணக்கு இடித்தது.

“முகமூடி போடுறியா? கை கழுவிட்டுத்தானே சாப்பிடறே?”

“எல்லாம் நீங்க சொன்னபடிதாங்க. யூனிபார்மோட வீட்டுக்குள்ள காலே வைக்க மாட்டேன். பின்வாசல்லயே கழட்டிப் போட்டுடுவேன். அவதான் தூசி போக நாலு உதறு உதறி, ஊறவச்சு, துவைச்சுப் போடுவா. பதினாறு வருஷமா ஒரு நாள் தவறினதில்லை.”

“ஆச்சரியமா இருக்கே. இந்த அளவுக்கு ஏறினா வயிறு சுருட்டிப் பிடிக்கணும். கையில எடுத்த சாமான் நழுவி விழணும். பேசிக்கிட்டு இருக்கும்போதே மறந்து போகணும்.”

நீட்டியிருந்த கைகள் மெல்ல இரும்பின் மடியில் இறங்கின.

“ஏன்யா முழிக்கிறே? நல்லவேளை, உனக்கு அதெல்லாம் இன்னும் வரலை. மாத்திரை தரேன். மூணு மாசம் இந்தத் தூசிப் பக்கமே தலைவைக்காம, பேசாம வீட்டிலேயே கிட. இறங்கிடும்.”

“வீட்டிலேயே இருந்தா இறங்கிடுமாங்க?”

“இறங்கும்யா.”

“இறங்காதுங்க ஐயா.” இரும்பு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். “வேலை போயிடுமேன்னு பயந்து நான் என் ரத்தத்தைக் குடுக்கலைங்க. இந்தக் கம்பெனி வாசலையே மிதிக்காதவளாச்சே, அவ ரத்தம் சுத்தமா இருக்கும்னு நம்பி, என் பேரை ஒட்டிக் கொண்டாந்துட்டேன். அவ வீட்டிலேயேதாங்க இருக்கா.”