சிவப்பு மை

அறுவை அரங்கின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆங்கில டீச்சர் எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டு வாக்கியங்களை ‘அண்ட்’, ‘பட்’, ‘பிகாஸ்’ போட்டு ஒன்றாக்கும் பயிற்சி. "கோந்து தடவின மாதிரி எல்லாத்துக்கும் அண்ட்," என்று முணுமுணுக்கிறாள். ஜன்னல் வெயில் நோட்டின்மேல் சாய்ந்து கிடக்கிறது. சிவப்புப் பேனா வட்டம் போட்டுக்கொண்டே போகிறது. கதவு திறக்கிறது. நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டுகிறாள். "வலது கால எடுத்தாத்தான் உங்க வீட்டுக்காரர் பிழைப்பாரு. இதுல கையெழுத்துப் போடுங்க டீச்சர்." டீச்சர் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாள். கையெழுத்திடுகிறாள். நோட்டில் போடும் பழக்கத்தில் கீழே ஒரு கோடும் இழுத்துத் தேதியும் எழுதிவிடுகிறாள். "ஐயோ, சிவப்பு மையில போட்டா செல்லாதும்மா!" நர்ஸ் அதை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உள்ளே ஓடுகிறாள். டீச்சர் கூடையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் எதற்கும் சம்மதிக்கவில்லை இப்போது. அவருக்கு இரண்டு காலும் இருக்கின்றன. அதற்குள் புதுக் காகிதமும் நீலப் பேனாவும் வந்துவிடுகின்றன. டீச்சர் பேனாவை வாங்குகிறாள், மூடியைத் திறக்கவில்லை. "முதல்ல போட்டதையே எப்படிப் போட்டேன்னு தெரியலம்மா," என்கிறாள்.