சாரதிப் பக்கம் அரை அங்குலம்

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கிளினிக் நாள். வெளிக்கிடுறியளோ, இல்லையோ?"

ஐரிஸ் குசினி வாசலில் நின்று கேட்டாள். அவள் கணவர் அன்புராஜா காருக்கு அடியில் கிடந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு கால்களும் வயிற்றின் பெரும்பகுதியும்தான்.

"கார்த் தம்பி வரப்போறார். கிளினிக் அடுத்த மாசமும் வரும்."

"மூண்டு வருசமா அடுத்த மாசம்தான். உங்கடை அண்ணையும் உப்பிடித்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். கடைசியிலை காலை முழங்காலோடை வெட்டி எடுத்தாங்கள். எனக்குப் பயமாக் கிடக்கப்பா."

"அவற்றை உடம்பு வேறை. என்ரை உடம்பு இரும்பு."

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். முப்பது வருடமாகக் கொழும்புத்துறைப் படகுகளின் இயந்திரங்களைத் திருத்துகிறவர். லண்டன் மச்சான் பாகம் பாகமாகப் பெட்டிகளில் அனுப்பிய சின்னக் காரை, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடியதை, தனி ஆளாகப் பத்து மாதத்தில் பூட்டி முடித்துவிட்டார். பார்க்க அழகுதான். ஆனால் அவர் ஏறி, ஒழுங்கையில் மேடாக இருக்கும் மதகைக் கடந்தால் காரின் அடி தட்டியது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. நெல்லியடியில் இதே மாதிரிக் கார் பூட்டிய தம்பி ஒருவர் இருக்கிறார் என்று ஐரிஸ் சொன்னபோது, பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்.

பத்து மணிக்கு ஜெயசுதன் தன் மஞ்சள் நிறக் குட்டிக் காரில் வந்து இறங்கினார். எண்ணெய் பட்ட பழைய சேட், நகத்துக்குள் கிறீஸ். அன்புராஜாவுக்கு ஆளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"ஒருக்கா ஏறி இருங்கோ அண்ணை."

அன்புராஜா ஏறினார். கார் வலப்பக்கம் பதிந்தது.

"ஸ்பிறிங் உயரம் வைக்கேக்கை சீற்றிலை என்ன பாரம் வைச்சனீங்கள்?"

"என்ரை நிறைதான். எழுபத்தெட்டு. இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை மூண்டும், மூண்டு கிலோ மாவும்."

"ஆர் நிறுத்தது?"

"லைசென்ஸ் எடுக்கேக்கை மெடிக்கலிலை நிறுத்தவங்கள்."

"அது எப்ப?"

"ஏழெட்டு வருசம் இருக்கும்."

குசினிக்குள் ஐரிஸ் இருமினாள்.

"மனிசருக்குப் பொய் சொல்லலாம் அண்ணை, ஸ்பிறிங்குக்குச் சொல்லேலாது. இப்பத்தை நிறை தெரியவேணும்."

மனைவி மூன்று வருடம் கெஞ்சியும் தராசுப் பக்கம் போகாத மனிதர், காருக்காக, பக்கத்து மீன் வாடியிலிருந்து கொண்டுவந்த தராசில் ராசா மாதிரி ஏறி நின்றார். தொண்ணூற்றாறு.

"தராசு பிழை."

ஜெயசுதன் தானும் ஏறிப் பார்த்தார். அறுபத்து நாலு. "என்ரை நிறை சரியாக் காட்டுதே!"

அன்புராஜா திரும்பப் போய்க் காரில் ஏறி இருந்தார்.

"இப்ப கிளச்சை மிதியுங்கோ. செருப்பைக் கழட்டிப்போட்டு. கால் வைக்கிற விதத்திலை ஆள் சாயிறதும் மாறும். விறைப்பு ஏதும் இருக்கோ?"

"இடக்கால் கொஞ்சம் விறைக்கும். சீற் பதிவெல்லோ, அதாலைதான்."

"உந்தக் காயம்?"

அன்புராஜா குனிந்து பார்க்க முயன்றார். வயிறு விடவில்லை. "ஓ, அதுவோ? தகரம் ஒண்டு வெட்டினது. ரெண்டு கிழமையாச்சு. நோகேல்லை, அப்பிடியே விட்டிட்டன்."

ஜெயசுதன் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"இஞ்சையிருந்து நெல்லியடி மட்டும் ஓடுறதெண்டால், இடையிலை எத்தினை தரம் நிப்பாட்டுவியள்?"

"ரெண்டு தரம். ஒண்டுக்குப் போகத்தான். உதுக்கும் ஸ்பிறிங்குக்கும் என்ன தம்பி?"

"இறங்கி இறங்கி ஏறேக்கை ஸ்பிறிங்குக்கு வேலைதானே அண்ணை."

"அதெண்டால் சரி." தன் காரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற ஆளை அன்புராஜா இதுவரை கண்டதில்லை.

ஜெயசுதன் ஜக் அடித்துக் காரை உயர்த்தினார். வலப்பக்கத்து ஸ்பிறிங்குகளைத் தாங்குகிற வளையங்களைச் சுற்றி மேலே ஏற்றினார். காரை இறக்கி, அன்புராஜாவை ஏற்றி இருத்தி, அளவுநாடாவைப் பிடித்தார். இன்னும் இரண்டு சுற்று. அரை அங்குலம் உயர்ந்து, இரண்டு பக்கமும் மட்டமாக வந்தது.

அன்புராஜா தனியே ஓட்டிக்கொண்டு மதகைக் கடந்தார். தட்டவில்லை. திரும்பிக் கடந்தார். அப்போதும் தட்டவில்லை. ஒழுங்கை முழுக்க ஹோர்ன் அடித்தபடி வந்து இறங்கினார். சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது.

"தம்பி, நீர்தான் ஆள்! இனி என்ன செய்யவேணும் எண்டு ஒரு கடதாசித் துண்டிலை எழுதித் தாரும். நீர் எழுதினதிலை ஒரு நூல் பிசகமாட்டன். இது அன்புராஜாவின்ரை வாக்கு."

"வாக்கு மாறமாட்டியளே அண்ணை?"

"உயிர் போனாலும் மாறன்."

ஜெயசுதன் எழுதிக் கொடுத்தார். அன்புராஜா துண்டைக் கை நீட்டித் தூரப் பிடித்து வாசித்தார். முதல் வரியில் ஸ்பிறிங்கின் உயரம். இரண்டாம் வரியில், நாளைக் காலை வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனை. மூன்றாம் வரியில், கால் காயத்துக்கு மருந்து.

"இதென்ன தம்பி இது?"

பதில் சொல்ல ஜெயசுதன் வாயெடுக்குமுன், ஐரிஸ் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து நின்றாள்.

"டொக்டர், உங்கடைக்குச் சீனி போட்டிருக்கிறன். இவருக்குப் போடலாமோ?"