தூண்களின் ரசிகர்கள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துக் கடைவீட்டுத் தூண்களைப் பற்றி மருதப்பன் நடத்திவந்த பாட்காஸ்டை அவர் மனைவிகூடக் கேட்டதில்லை. இந்த மாதத்தோடு மூட்டை கட்டிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தபோதுதான் பிடோக்கிலிருந்து கண்மணி என்பவர் எழுதினார்: "எங்க வகுப்புல வாராவாரம் உங்க பாட்காஸ்ட்தான் ஓடுது. ஒருநாள் வாங்க சார்."

புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார் மனிதர்.

சமூக மன்றத்து அறையில் உட்கார்ந்திருந்த எல்லோருமே பார்வையற்றவர்கள். விரல் போன் திரையில் நகர நகர, அங்கிருக்கும் பட்டனின் பெயரை ஸ்கிரீன் ரீடர் சொல்லிக்கொண்டே வந்தது: "இயக்கு. முப்பது விநாடி பின்னால். நிறுத்து." நடுநடுவே ஒவ்வொரு போனிலிருந்தும் மருதப்பனின் குரல் முழங்கியது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தூண்கள்மேல இவ்வளவு ஆர்வமா!"

ஆசிரியை கண்மணி நெளிந்தார். "இது பிளேயரைப் பழகுற வகுப்பு சார். மத்தவங்க பாட்காஸ்டைப் போட்டா எல்லாரும் பேச்சுல மூழ்கிடறாங்க, பட்டனைத் தொடவே மாட்டேங்கறாங்க. உங்களோடதைப் போட்டாத்தான் உடனே 'நிறுத்து' பட்டனைத் தேடறாங்க. தயவுசெஞ்சு புதுசு புதுசாப் போட்டுக்கிட்டே இருங்க!"

மருதப்பனின் முகம் தொங்கிப்போனது. பக்கத்து நாற்காலியிலிருந்த அந்தோனியம்மாள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்க லா தம்பி. நான் கடைசிவரைக்கும் கேட்டேன்."

"நிஜமாவா ஆன்ட்டி?"

"ஆமா. அந்தப் பட்டன் என் கைக்கு மட்டும் இன்னும் சிக்கல."