பாடியவர்: குழுவினர்

"குழுவினரா? நான் என்ன குழுவினரா சார்?"

அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ஆன்லைனில் பாட்டு வெளியிடும் கம்பெனி அது. மேனேஜர் நெளிந்தார்.

"முதல்ல உக்காரும்மா."

"நான் உக்கார வரலை. போன வருஷம் உங்க மூலமாத்தான் அந்தப் பாட்டைத் தனியா வெளியிட்டேன். இப்ப அதை எடுத்து ஒரு தொகுப்பு ஆல்பத்துல சேத்துட்டு, பழசைத் தூக்கிட்டீங்க. சேருங்க, வேண்டாங்கலை. என் பேரு எங்க போச்சு?"

"ஆல்பம் புதுசு, அட்டை புதுசு, பார்கோடும் புதுசு. அதான் உள்ள இருக்கிற பாட்டுக்கெல்லாம் புதுக் கோடு போட்டு..."

"தப்பே அங்கதான் சார்! பார்கோடு ஆல்பத்துக்கு. மொத்தப் பொட்டலத்துக்கும் ஒண்ணு. அது மாறலாம். ஐ.எஸ்.ஆர்.சி. கோடு ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும். அதே பதிவு பத்து ஆல்பத்துல வந்தாலும் அதே கோடுதான். வீடு மாறிப் போறவங்க பேரையும் மாத்திக்கிட்டா போறாங்க?"

பின்னால் ஃபைலை அணைத்தபடி நின்ற தங்கை, அவள் முழங்கையைத் தொட்டாள்.

"மெதுவா பேசுக்கா."

"நீ சும்மா இருடி!"

மேனேஜர் மென்று விழுங்கினார். "பதினாலு பாட்டும்மா. ஒவ்வொண்ணுக்கும் யாரு பாடினா, யாரு வாசிச்சான்னு தேடிட்டு இருந்தா..."

"தேடணும் சார்! அதுக்குத்தானே அந்த நாற்காலி? இசைக் கல்லூரியில சேர மனு போட்டிருக்கேன், அவங்க என் பாட்டைத் தேடிப் பாத்திருக்காங்க. குழுவினர்னு வருது. 'யார் பாட்டையோ உங்களுதுன்னு சொல்றீங்களா'ன்னு கேட்டுட்டாங்க. நாளைக்குள்ள சரியாகலைன்னா எனக்கு இடம் இல்ல. தொண்டை கிழியப் பாடினவளை ஒரே வார்த்தையில இல்லாம ஆக்கிட்டீங்களே, நாங்க என்ன கிள்ளுக்கீரையா?"

மேனேஜரின் முகம் தொங்கிப்போனது.

"தப்பு எங்களோடதுதான்," என்றபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

பாட்டின் பழைய கோடு எண்ணைத் தட்டினார். போன வருடத்துப் படிவம் திரையில் விரிந்தது. பாடியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர்.

"புது ஆல்பத்துலயும் இந்தப் பாட்டுக்கு இதே கோடு நம்பரைப் போட்டுடறேன், உங்க பேரும் வந்துடும். எல்லா இடத்துலயும் மாற நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், கல்லூரிக்கு நானே இப்ப மெயில் அனுப்பறேன். போதுமா?"

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? வாயைத் திறந்து கேட்டாத்தான் நடக்கும். உன்ன மாதிரி நின்னா ஏறி மிதிச்சுட்டுப் போயிடுவாங்க."

சரியான பதிவுதானா என்று பார்க்க, மேனேஜர் பாட்டை ஓடவிட்டார். இன்னொரு தடவை திட்டு வாங்கத் தெம்பில்லை போல. ஹெட்போன் வயரைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே வைத்தார்.

பல்லவி முடிந்ததும் நிறுத்தினார்.

"இதுல இன்னொரு குரலும் இருக்கே? உங்க குரலைத் தாண்டி, உச்சத்துல போய் நிக்குதே... அருமையான குரல். உங்க படிவத்துல ரெண்டாவது பாடகர்ங்கற கட்டம் காலியா இருக்கும்மா. கையோட அதையும் சரி பண்ணிடலாம். யாரு பாடினது?"

தங்கை ஃபைலிலிருந்து நிமிர்ந்தாள். அவள் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"சார், அது நா..."

"அது யாருமில்ல சார்," என்றாள் அக்கா. "காலியாவே விட்டுடுங்க."