பிணமாகப் படுத்தவர்

பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளி மாணவன் கன்னையா, ரப்பர் தோட்டத்துத் துரையிடம் இரவல் வாங்கிய கேமராவில் ஒரு திகில் ஊமைப்படம் எடுத்தான். படம் தேறாவிட்டால் ரயில்வே குமாஸ்தா வேலைதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

கதைக்கு ஒரு பிணம் வேண்டும். பெற்ற பிள்ளையைப் பிணமாகப் படுக்கவிட எந்த அம்மாவும் சம்மதிக்கவில்லை. கன்னையாவின் அம்மா துடைப்பத்தையே தூக்கிவிட்டாள். கடைசியில் ஒரு வாழைமரத்தை ஆள் நீளத்துக்கு வெட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, கிள்ளான் ஆற்றங்கரையில் கிடத்தினார்கள்.

பள்ளி மண்டபத்தில் படம் ஓடியது. திரையில் அந்தத் துணி மெல்ல ஏறி இறங்கியது.

“டேய், பொணம் மூச்சு விடுதுலா!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கன்னையாவுக்குக் குமாஸ்தா நாற்காலி கண்ணில் தெரிந்தது.

“காத்தாடா?” என்று கேமரா பிடித்த ஜெயராஜிடம் கேட்டான்.

“அன்னைக்கு ஏதுடா காத்து? வேர்த்து ஊத்துதுன்னு நீதானே பொலம்புன!”

படம் முடிந்ததும் தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடிகர்களை மேடைக்கு அழைத்தார். “அந்தப் பிணமும் வரட்டும்!”

கன்னையா வாயைத் திறப்பதற்குள், முன்பின் தெரியாத ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, கூச்சத்தோடு கும்பிட்டார்.

“மன்னிச்சுக்குங்க தம்பி. மூச்சை அடக்கித்தான் பார்த்தேன், முடியல.”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது, அப்பாகூடத் தட்டினார். கன்னையா சற்று நகர்ந்து, வந்தவருக்கு இடம் விட்டான்.