கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது

"அண்ணே, நம்ம சங்கிலி ஸ்டாண்டுக்கே துரோகம் பண்ணிட்டான்!"

சிவபாண்டி வண்டியைக்கூட ஒழுங்கா ஓரங்கட்டாம ஓடி வந்து இப்படிச் சொன்னதும், டீ குடிச்சுக்கிட்டிருந்த அம்புட்டுப் பேரும் கிளாஸைக் கீழ வச்சோம்.

மதுரை ஏர்போர்ட்டுக்கு வெளிய, பெருங்குடி ரோட்டுலதான் எங்க டாக்சி ஸ்டாண்டு. மீனாட்சி கோயிலு, அழகர்கோவிலுன்னு சவாரி வரத்தான் செய்யும். ஆனா எல்லாரும் முறை போட்டுக் காத்துக் கெடக்குறது கொடைக்கானல் சவாரிக்குத்தான். அது ஒண்ணு சிக்கிருச்சுன்னா அந்த வாரம் வீட்டுல சண்டை வராது.

அதுக்கு ஒரே இடைஞ்சல் ரயிலு. மதுரை ஜங்ஷன்ல ஏறினா கொடைரோடு ஸ்டேஷன், அங்க இறங்கி பஸ் பிடிச்சா மலை. இது வெளியூர்க்காரவுகளுக்குத் தெரிஞ்சா நாங்க ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால எங்க தலைவர் முத்துப்பாண்டி அண்ணன் ஒரு சட்டமே போட்டிருந்தாரு. யாரு ரயிலைப் பத்திக் கேட்டாலும், "கொடைக்கானலுக்கு ரயிலே கிடையாதுங்க"ன்னு சொல்லணும்.

பொய்யும் இல்ல பாருங்க. ரயிலு மலை மேல ஏறாதுல்ல!

ஏர்போர்ட்டுல இருந்தே கொடைரோட்டுக்கு நேரா ரயில் விடணும்னு எவனாவது பேச்செடுத்தாப் போதும், மறுநாளே கறுப்புக்கொடியோட நிப்பாரு. "டாக்சிக்காரன் வயித்துல அடிக்காதே!"ன்னு அவரு போடுற சத்தத்துல பிளேனே இறங்க யோசிக்கும்.

இம்புட்டுச் சத்தத்துக்கும் காரணம், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். போன் வந்தா ஸ்பீக்கர்லதான் போடுவாரு. அவரு வீட்டுல இன்னைக்கு என்ன குழம்புன்னு ஸ்டாண்டுக்கே தெரியும்.

"அப்படி என்னடா பண்ணினான்?"ன்னாரு முத்துப்பாண்டி.

"நேத்து நீங்க ராமேஸ்வரம் சவாரி போயிட்டீங்கள்ல, அப்ப நடந்ததுண்ணே. புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. கொடைக்கானல் போறவங்க. இவன் முறைக்குத்தான் வந்தாங்க. நேரா ஜங்ஷனுக்குக் கூட்டிட்டுப் போயி, பெட்டியையும் தூக்கிட்டு வந்து ரயில்ல ஏத்திவிடுறான்! வேறொரு சவாரிய இறக்கப் போனவன் என் கண்ணாலயே பார்த்தேன்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவனுக்கு அடுத்த முறை என்னோடது. கூட்டிட்டுப் போக நோக்காடா இருந்தா எனக்காச்சும் விட்டிருக்கலாம்ல?

சங்கிலி வில்லாபுரத்துலருந்து வந்து சேர்ந்தான். வந்து இறங்கினவனை அப்படியே சுத்தி வளைச்சோம்.

"ரயிலேத்திவிட்டது நெசமா?"

"நெசந்தாண்ணே."

"ஏன்டா?"

"நான் கொடைக்கானலுக்கே கொண்டுபோய் விடுறேன்னுதாண்ணே சொன்னேன். அந்தப் பிள்ளைதான் ஜங்ஷன் போதும்னு சொல்லிருச்சு."

"யாருகிட்டடா கதை விடுற?" முத்துப்பாண்டி அண்ணன் எந்திரிச்சுட்டாரு. "வெளியூர்ப் பிள்ளைக்குக் கொடைரோடு எங்கிட்டு இருக்குன்னு எப்படித் தெரியும்? ஒண்ணு, நீ சொல்லியிருக்கணும். இல்ல, உள்ளூர்க்காரன் எவனோ சொல்லிக் குடுத்திருக்கணும்."

சங்கிலி தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"எவன் அவன்? பேரைச் சொல்லு, உன்னைய விட்டுர்றேன். நம்ம பொழப்பைக் கெடுக்குற அவனைப் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"பேரு கேக்கலண்ணே."

"கேக்கலையா, சொல்ல மாட்டியா?"

சங்கிலி கார் சாவியையே உருட்டிக்கிட்டு நின்னான்.

"சொல்லித் தொலைடா மாப்ள"ன்னு நானே கெஞ்சினேன். அவன் பொண்டாட்டி மலையம்மா மாசமா இருக்கா. ஸ்டாண்டை விட்டு வெரட்டிட்டா வண்டி வாசல்லதான் நிக்கும். கால் டாக்சிக்கெல்லாம் அவன் சரிப்பட மாட்டான். போன்ல மேப்பு பார்த்து ஓட்டச் சொன்னா அவனியாபுரத்தையே மூணு சுத்து சுத்துவான்.

அப்பவும் வாயத் திறக்கல. அழுத்தக்காரப் பய.

"சரி, இன்னையிலருந்து உனக்கு இங்க முறை கிடையாது"ன்னுட்டாரு முத்துப்பாண்டி. "கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்கு ஸ்டாண்டுல இடமில்ல. எடுத்துக்கிட்டுப் போ உன் வண்டிய!"

சங்கிலிக்குக் கண்ணு கலங்கிருச்சு. காரோட முன்கண்ணாடியில ஒட்டியிருந்த எங்க ஸ்டாண்டு ஸ்டிக்கரை நகத்தால சுரண்ட ஆரம்பிச்சான். கிறுக்குப் பய, வாயத் திறந்தா என்னன்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

அந்நேரம் பார்த்து முத்துப்பாண்டி அண்ணனுக்குப் போன்.

"இருங்கப்பா, என் தம்பி மக சரண்யா பேசுது. பெங்களூருல இருக்குற பிள்ளை"ன்னு வழக்கம்போல ஸ்பீக்கர்ல போட்டாரு.

"பெரியப்பா! கொடைக்கானல் வந்து சேர்ந்துட்டோம். இங்க சிக்னலே சரியாக் கிடைக்கல, அதான் நேத்தே கூப்பிட முடியல. நீங்க சொன்னபடி ரயில்லயே வந்துட்டோம். 'மலைக்கு டாக்சியில மட்டும் ஏறிராத, எங்க ஆளுங்க தோலை உரிச்சிருவாய்ங்க'ன்னு சொன்னீங்கல்ல, அதைச் சொல்லிச் சொல்லி உங்க மாப்பிள்ளை சிரிக்கிறாரு!"

முத்துப்பாண்டி அண்ணன் ஸ்பீக்கரை அமத்தப் பார்த்தாரு. விரலு அங்கிட்டும் இங்கிட்டும் போகுது, பட்டன்ல விழ மாட்டேங்குது. அந்தப் பிள்ளை பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கு.

"ஜங்ஷன் வரைக்கும் சங்கிலின்னு ஒரு அண்ணன் கொண்டாந்து விட்டாங்க பெரியப்பா. ரயிலைப் பத்தி யாரும்மா சொன்னதுன்னு கேட்டாங்க, உங்க பேரைச் சொன்னேன். அப்புறம் பெட்டியை எல்லாம் அவங்களே தூக்கிட்டு வந்து ஏத்திவிட்டுட்டு, 'உங்க பெரியப்பா சொன்னாருன்னு இங்க யாருகிட்டயும் சொல்லிறாத தாயி, ஸ்டாண்டுல அவருக்கு மரியாதை போயிரும்'னு சொல்லிட்டுப் போனாங்க."