நோவா பார்த்த தண்ணீர்

பைபிளின் ஆதியாகமத்து வெள்ளத்துக்காகச் சண்டை போட்டு, ஆறு வருஷமாகத் தங்கை வீட்டுப் படி ஏறாத ராஜமாணிக்கம், இன்று தோற்றுப்போகத் தயாராகவே வந்திருந்தார்.

"நீ சொன்னதுதான் சரி மாப்ளே" என்றார் தங்கை புருஷன் ஜெயராஜிடம். "வெள்ளம் உலகம் பூராதான் வந்துகீது. கவரைப்பேட்டைல புதுக் கம்பெனிக்குப் பள்ளம் தோண்றாங்க. ரெண்டு ஆள் ஆழத்துல கிளிஞ்சல் கீது."

"இல்ல மச்சான், நீதான் சரி. அது ஒரு சீமைக்கு மட்டும் வந்த வெள்ளம். போன புயல்ல பழவேற்காட்டுல மாட்டிக்கினேன். எங்க பாத்தாலும் தண்ணி. உலகமே முழுகிச்சின்னு அழுதேன். மறுநாள் திருவாலங்காடு வந்தா, அங்க புழுதி பறக்குது. நோவாவும் அப்படித்தான் பாத்திருப்பாரு."

"அப்போ கிளிஞ்சல்?"

"அது வெள்ளத்துல வந்தது இல்ல, ஆதியில தேவன் ஒண்ணா சேத்த தண்ணி. அங்க கடல் இருந்திருக்கும்."

"மலையெல்லாம் முழுகிச்சின்னு எழுதிக்கீதே, அத இன்னா பண்ணுவே?"

குரல்கள் பழையபடி ஏறின. தங்கை ஞானம்மா காபியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? இன்னா விசேஷம்ணா, இத்தினி நாள் கழிச்சி?"

ராஜமாணிக்கம் டம்ளரைப் பார்த்தபடி சொன்னார். "பையனுக்கு வர்ற புதன்கிழமை கல்யாணம். பொண்ணு அரக்கோணம்."

அடுப்படியில் ஞானம்மாவின் மகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"வேதத்தைத் தப்பாப் படிக்கிற ஊட்ல பொண்ணு எடுக்கமாட்டேன்னு, எம் பொண்ணுக்கு வச்ச பரிசத்தட்டைத் தூக்கினு போனியே" என்றாள் ஞானம்மா. "இப்ப சொல்லுண்ணா. யாரு தப்பாப் படிச்சது?"